மரமா, அலையா: காற்றின் வேகத்துக்கு எது நல்ல சாட்சி?

கையில் கருவி இல்லை, காற்றின் வேகம் தெரியவேண்டும். மரத்தைப் பார்ப்பதா, கடலைப் பார்ப்பதா? இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: 0 முதல் 12 வரையிலான போஃபர்ட் அளவு. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் இதை வகுத்தபோது மரமும் இல்லை, நுரையும் இல்லை. போர்க்கப்பல் எத்தனை பாய் விரித்து ஓடமுடியும் என்பதுதான் கணக்கு. மற்ற அடையாளங்களெல்லாம் 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை.

மெல்லிய காற்றுக்கு என் ஓட்டு நிலத்துக்கே. புகை நேராக எழுந்தால் 0, சாய்ந்து நகர்ந்தால் 1, முகத்தில் பட்டு இலை சலசலத்தால் 2. கடலில் இதே வித்தியாசத்தைப் பிடிக்க, கண்ணாடிப் பரப்பையும் மீன்செதிள் போன்ற சிற்றலையையும் பிரித்துப் பார்க்கவேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றாலே இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

3ஐத் தாண்டினால் கடல் முந்திக்கொள்கிறது. 3இல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை. 4இல், அதாவது மணிக்கு 20–28 கி.மீ.யில், அடிக்கடி; 5இல் எங்கு பார்த்தாலும் வெள்ளை; 7இல் (50–61 கி.மீ.) நுரை காற்றின் போக்கிலேயே கோடு கோடாக இழுபடும். நிலத்தில் 4க்குத் தூசியும் காகிதமும் பறக்கும், 5க்குச் சிறு மரம் ஆடும், 6க்குக் குடை பிடிப்பது பெரும்பாடு. ஆனால் எந்தச் சிறு மரம்? அரச இலை சும்மாவே துடிக்கும். கட்டடச் சந்தில் நிற்கும் மரமோ காற்றின் வேகத்தைவிடச் சந்தின் அகலத்தைத்தான் சொல்லும். தவிர, மரம் ஒரு நொடி வீச்சுக்கும் தலையாட்டிவிடும். கடல் அப்படியில்லை, சராசரியைக் காட்டும்.

கடலிலும் ஒரு குறை உண்டு. அலை முழு உயரம் எட்ட மணிக்கணக்காகும். வெகுதூரத்துப் புயல் கிளப்பிய அலை, காற்றே இல்லாத இடத்துக்கும் வந்து சேரும். அதனால் உயரத்தை விட்டுவிட்டு நுரையைப் பாருங்கள். கனமழையில் நுரை குறைந்து தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கரையில் நிற்கும்போது மட்டும் கடலை நம்பமாட்டேன். காற்று நிலத்திலிருந்து வீசினால் சட்டை முதுகில் ஒட்டிப் படபடக்கும். காலடித் தண்ணீரோ தட்டில் ஊற்றியதுபோல் கிடக்கும். அலை வளர அதற்கு அங்கே தூரமில்லை. தொலைவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டும். காற்றடைத்த மிதவையில் குளிக்க இறங்குபவர்கள் அடித்துச் செல்லப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரி 'அமைதியான' கடலில்தான்.

படகில் ஏறிவிட்டால் மூன்றாவதாக ஒரு சாட்சி வரும், உங்கள் முகம். பொய்சாட்சி. 20 நாட் காற்றோடு (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) 10 நாட் வேகத்தில் ஓடினால் முகத்துக்குத் தெரிவது 10 நாட்தான், இதமான 3. சுற்றிலும் நுரை 5 என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதே வேகத்தில் திரும்பினால் எதிரே 30 நாட், அதாவது 7. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் படகின் மேல் விழுவது ஒன்பது மடங்கு.