கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஏஐ போர்ட்ரெய்ட்கள்

ஏஐயில் படம் உருவாக்கித் தரும் சேவை ஒன்றின் சந்தா விலையைக் குறைத்திருக்கிறார்கள், ஸ்டூடியோ லைட்டிங்கில் போர்ட்ரெய்ட் செய்ய வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். எந்தச் சேவை என்று பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒன்று மாற்றி ஒன்று பயன்படுத்திப் பார்த்ததில், நான் சொல்லப்போகும் கோளாறு எல்லாவற்றிலும் கூடக்குறைய இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். தோலின் நுண்துளைகள், உதட்டு வெடிப்பு, நரைத்த தாடியில் ஒரே ஒரு முடி மட்டும் வேறு பக்கம் வளைந்து நிற்பது எல்லாம் இப்போது கேட்காமலே வருகிறது. என்ன படம் வேண்டும் என்று நாம் எழுதும் ப்ராம்ப்டில் இருந்து 'அழகான', 'குறையற்ற' மாதிரிச் சொற்களைத் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். பொம்மைத் தோலுக்குப் பாதிக் காரணம் அவைதான் என்பது என் கணிப்பு. 85 எம்எம் லென்ஸ், சின்னத் திறப்பான எஃப் 8 என்று எழுதினால் காது வரைக்கும் ஷார்ப்பாக இருக்கும்; அகலத் திறப்பான எஃப் 1.4 என்று ஆசைப்பட்டால் காது கரைந்துபோகும். முன்பெல்லாம் கறுப்புப் பின்னணி கேட்டால் சாம்பல்தான் கிடைக்கும். இந்தச் சேவைகளுக்குள் படம் வரையும் ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது படத்தில் சேர்க்கும் நாய்ஸ் (புள்ளி இரைச்சல்), படத்தின் சராசரி வெளிச்சத்தை முழுதாக அழிக்காமல் விட்டதால், மாடல் எதை வரைந்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. 2023இல் நாய்ஸ் ஆஃப்செட் என்ற வைத்தியம் வந்தது, இப்போது கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது.

சரி, இனி கண்ணுக்கு வருவோம்.

ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் கருவிழியில் மின்னும் அந்தக் கேட்ச்லைட், விளக்கின் படமேதான். சதுரமாக இருந்தால் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்க விளக்கின் முன் மாட்டும் துணிப்பெட்டி), வட்டமாக இருந்தால் பியூட்டி டிஷ் என்ற கிண்ணம் அல்லது ஆக்டாபாக்ஸ் என்ற எண்கோணப் பெட்டி. கடிகாரத்தில் 10 மணி இருக்கும் இடத்தில் மின்னினால் விளக்கு படத்தின் இடப்பக்கம் மேலே இருக்கிறது என்று அர்த்தம், அப்படியானால் மூக்கின் நிழல் வலப்பக்கம்தான் விழ வேண்டும். அடுத்தவர் எடுத்த படத்துக்கு எப்படி லைட் வைத்தார்கள் என்று கண்டுபிடிக்க, போட்டோகிராஃபர்கள் முதலில் பார்ப்பதே கண்ணைத்தான். இந்த மாடல்களிடம் அதே படத்தைக் கேட்டுப் பாருங்கள்: இடது கண்ணில் சதுரம், வலது கண்ணில் வட்டம், அதற்குக் கீழே யாரும் வைக்காத ஜன்னல் ஒன்று, மூக்கின் நிழலோ இவை எதற்கும் சம்பந்தமில்லாத திசையில். முகம் அற்புதமாக வந்திருக்கும்போது இதைப் பார்த்தால் வரும் கோபம் இருக்கிறதே! கண்ணாடி போட்ட முகம் என்றால் இன்னும் மோசம், சொல்லவே வேண்டாம்.

இது என் ஒருவனின் பைத்தியம் இல்லை. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கேலக்ஸிகளில் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்று அளக்க வானியலில் பயன்படும் கினி குறியீட்டை எடுத்து, இரண்டு கண்களின் பிரதிபலிப்பையும் ஒப்பிட்டுப் போலி முகங்களைப் பிடிக்கலாம் என்று காட்டினார்கள். எப்போதும் சரியாக வராது என்றும் அவர்களே சொன்னார்கள். இருந்தாலும் நான் எரிச்சல்படும் அதே இடம்.

மாடல் விளக்கை எங்கேயும் வைப்பதில்லை, ஒளி எங்கே பட்டு எங்கே திரும்பும் என்ற கணக்கும் அதனிடம் இல்லை. எதன் பக்கத்தில் எது வழக்கமாக இருக்கும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு: பல மாடல்கள் படத்தை நீளத்திலும் அகலத்திலும் 8 மடங்கு சுருக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. 1024 பிக்சல் அகலப் படம் உள்ளே 128 கட்டம்தான். இடுப்பு வரை தெரியும் போர்ட்ரெய்ட்டில் கருவிழி 24 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் அதற்குக் கிடைப்பது 3 கட்டம். அதில் கேட்ச்லைட்டுக்கு எங்கே போவது? அதனால்தான் தலையும் தோளும் மட்டும் தெரிகிற மாதிரி நெருக்கமாகக் கேட்டால் கண் சட்டென்று தேறிவிடுகிறது. இல்லையென்றால் இரண்டு கண்ணையும் சேர்த்து ஒரே மாஸ்க்காகக் குறித்து, அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி இன்பெயின்ட் செய்ய, அதாவது மறுபடி வரையச் சொல்ல வேண்டும். தனித்தனியாகச் செய்தால் மறுபடியும் ஆளுக்கொரு விளக்கு. சில நேரம் கண் சரியாகி, பார்வை வேறு ஆளுடையதாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ப்ராம்ப்ட் விஷயத்தில் நான் கண்டது, லைட்டிங்கின் பெயரைச் சொல்லி எதையும் கேட்காதீர்கள். ஓவியர் ரெம்பிராண்டின் பெயரில், நிழல் விழும் கன்னத்தில் முக்கோணமாக வெளிச்சம் விழ வைக்கும் ரெம்பிராண்ட் லைட்டிங் என்று எழுதினால் பழுப்புப் பின்னணி, எண்ணெய் ஓவியச் சாயல், போதாக்குறைக்குத் தொப்பியும் தாடியும் வரும், அந்த முக்கோணம் மட்டும் வராது. மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி மாதிரி நிழல் விழும் பட்டர்ஃப்ளை லைட்டிங் கேட்டுக் கூந்தலில் நிஜப் பட்டாம்பூச்சியோடு வந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது நான் ஆங்கிலத்தில் எழுதுவதன் சாரம் ஏறக்குறைய இப்படி: ஒரே ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், படத்தின் இடப்பக்கம் 45 டிகிரியில், கண் மட்டத்துக்கு மேலே. மூக்கின் நிழல் படத்தின் வலப்பக்கக் கன்னத்து நிழலோடு போய்ச் சேர்கிறது. அந்தப் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோண வெளிச்சம், கண்ணைவிட அகலமில்லை, மூக்கைவிட நீளமில்லை. பின்னணி அடர் சாம்பல், அதில் விளக்கு படவில்லை. விளக்கைவிட நிழல் எங்கே விழுகிறது என்று சொல்வதற்குத்தான் அது ஒழுங்காகக் கட்டுப்படுகிறது. 'படத்தின்' இடப்பக்கம் என்பதை விட்டுவிட்டால் உட்கார்ந்திருப்பவரின் இடப்பக்கத்துக்கு விளக்கு தாவிவிடும்.

பலர் பகிரும் ப்ராம்ப்ட்களில் 8கே, மாஸ்டர்பீஸ், சினிமாட்டிக், கோல்டன் ஹவர், நியான், சாஃப்ட்பாக்ஸ் எல்லாம் ஒரே வரியில் கிடக்கும். ஒவ்வொன்றும் வெளிச்சத்தை ஒரு பக்கம் இழுக்கிறது, கடைசியில் திசையே இல்லாத பளபளப்பு. ப்ராம்ப்டைப் படிக்க கிளிப் என்கோடர் என்ற பகுதியை மட்டும் நம்பும் மாடல்களில் 77 டோக்கன்தான் (சொல் அல்லது சொல்துண்டு) உள்ளே போகும், அதிலும் இந்த அலங்காரத்துக்கே பாதி போய்விட்டால் மூக்கின் நிழலை எங்கே எழுதுவது? அப்புறம் பின்னாலிருந்து வந்து உடலின் விளிம்பை மின்ன வைக்கும் இந்த ரிம் லைட். கேட்காமலே இரண்டு தோளிலும் கோடு போட்டு வைக்கும், ரிம் லைட் வேண்டாம் என்று ப்ராம்ப்டில் எழுதினால் சில மாடல்களில் இன்னும் பளிச்சென்று வரும். வேண்டாததை மட்டும் எழுதும் நெகட்டிவ் ப்ராம்ப்டுக்குத் தனிப் பெட்டி இருந்தால் அதில்தான் போட வேண்டும்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. 1930களின் ஹாலிவுட் கிளாமர் படங்களுக்குப் பயன்பட்ட, வளைய வளையமாக வெட்டிய லென்ஸ் வைத்த ஃப்ரெனெல் ஸ்பாட்லைட்டைக் கேட்டு, நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும் என்றும் எழுதி, கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். சாஃப்ட்பாக்ஸில் மழுப்புகிற அதே மாடல் இங்கே ஒரு விளக்குக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டு நிற்கிறது, மூக்கின் கீழ் நிழல் கத்தரித்த மாதிரி விழுகிறது, கண்ணில் ஒரே ஒரு புள்ளி. அப்படி வந்த சில படங்களை உண்மையான ஸ்டூடியோப் படங்களுக்கு நடுவே வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது.

ஆக நண்பருக்கு என் பதில்: வாங்காதே. லைட்டிங்கைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு விளக்கும் ஒரு வெள்ளை அட்டையும் வைத்து யாரையாவது உட்கார வைத்து எடு, அங்கே நிழல் பொய் சொல்லாது. என் சந்தாவை நீட்டித்துவிட்டேன், அது வேறு கதை; நீ கேட்காமல் எடுக்கத்தான் போகிறாய் என்றால் வருடச் சந்தா வேண்டாம், மாதத்துக்கு எடு, இன்பெயின்டிங் இருக்கிறதா என்று முதலில் பார்.