சுரங்கத்துக்குள்ளே கூட்டிப்போகிறோம் என்றால் நம்பாதீர்கள்: 46,000 ரூபாய் போச்சு

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் ‘மழைக்கால ஸ்பெஷல் டூர்’ என்று நோட்டீஸ் கொடுக்கும் டிராவல்ஸில் பணம் கட்டப்போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள். எங்கள் வீட்டுப் பணம் 46,000 ரூபாய் போயிருக்கிறது. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

கடைப் பெயர் வேண்டாம். மாடியில் ஒரே அறை, சுவர் முழுக்க ஃபிளெக்ஸ், அந்த மாதிரிக் கடை. கோலார் தங்கவயல் (கேஜிஎஃப்) பார்த்துவிட்டு சிராடி மலைப்பாதை வழியாக மங்களூர், உடுப்பி, மல்பே. தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்ப்பது, மல்பேயிலிருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு, பர்மிட், டோல், ரூம் எல்லாம் சேர்த்து 46,000 என்றார்கள்.

என் அம்மா பிறந்து வளர்ந்தது கேஜிஎஃப்பில். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இதைக் கேட்டதும் கடையில் இருந்த ஆள் எழுந்து அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “எந்த லைன்லம்மா இருந்தீங்க? எங்க பெரியப்பாவும் மைன்ஸ்தான்” என்றார். ஹெல்மெட் மாட்டிய நாலைந்து பேர் கூண்டு லிஃப்டில் நிற்கும் படத்தை போனில் காட்டினார். “இப்ப டூரிஸ்ட்டுக்குத் திறந்துட்டாங்கம்மா. உங்கப்பா இறங்குன அதே ஷாஃப்ட்ல நீங்களும் இறங்கலாம்.” சுரங்கத்தை மறுபடி திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அவ்வப்போது அடிபடுவதுதானே, அம்மா நம்பினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அங்கேயே முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன்.

கேஜிஎஃப் போய் இறங்கினால் சுரங்கத்தின் கேட் பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்த காவலாளி தமிழர். “யாரு தம்பி இப்படிச் சொன்னது? 2001 பிப்ரவரியிலேயே மூடியாச்சு. கீழே பூரா தண்ணி” என்றார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. பம்ப் ஓடாவிட்டால் தண்ணீர் ஏறத்தானே செய்யும்? “பக்கத்துல போயாவது பாத்துட்டு வரட்டுமாப்பா?” என்று அம்மா கேட்டார். “விட முடியாதும்மா, என் வேலை போயிடும்.” டிரைவரைக் கேட்டால், ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான் தெரியும் என்கிறார். பர்மிட் பணம் கட்டவில்லை என்று எல்லையிலேயே எங்களிடம் கை நீட்டியவர் அவர். சிராடியில் கொட்டுகிற மழையில் டிரைவர் பக்கத்து வைப்பர் நின்றுபோனது. மழைக்காலத்தில் மண் சரிகிற பாதை அது. அதற்கா இப்படி ஒரு வண்டியை அனுப்புவார்கள்?

மல்பேயில் படகெல்லாம் கட்டிக் கிடந்தது. “செப்டம்பர் முடியட்டும், வாங்க” என்றார்கள். நான் காசிமேட்டுக்காரன். நம் பக்கம் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தென்மேற்குப் பருவமழையில் அங்கே கடல் கொந்தளிப்பதால் தீவுப் படகையும் நிறுத்திவைப்பது வருடா வருடம் நடப்பது. டூர் நடத்திப் பிழைக்கிறவருக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் ஜூலையில் விற்றிருக்கிறார்.

அங்கிருந்து போன் போட்டால், “அண்ணே, வண்டி ஓட்டிட்டிருக்கேன்.” அப்புறம், “ஓனர் ஊர்ல இல்ல.” அதற்கப்புறம், “மழைக்கு நாங்க என்னண்ணே பண்றது?” சுரங்கத்தை மழையா மூடியது? நேரில் போனேன். அதே நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே பேசினார். பில்லை எடுத்து விரலால் தட்டிக் காட்டினார்: ‘வண்டி வாடகை ரூ. 46,000’. சுரங்கமும் இல்லை, படகும் இல்லை, ரூம்கூட இல்லை. வாய்ச்சொல்லில் விற்றதை எழுத்தில் விட்டுவிட்டார். இப்போது என் நம்பரை பிளாக் செய்தாகிவிட்டது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். சொன்ன ஒவ்வொன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பர்மிட் ரசீதைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கரையில் படகு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நானும் புகார் கொடுத்திருக்கிறேன், 46,000 ரூபாயையும் கேட்டு.

நேற்று மாலைகூட வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் ஒரு பையன் அதே நோட்டீஸைக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் டூராம். சுரங்கம், படகு, இரண்டும் அப்படியே இருக்கிறது.