ஆபீஸ் இன்டீரியர் வேலை: மேசைக்கு முழு மார்க், சத்தத்துக்கு முட்டை

எங்கள் அலுவலகத்தை மாற்றியமைத்தவர்களின் பெயர் வேண்டாம், செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். ஆளுக்கொரு மேசை என்பதை எடுத்துவிட்டு, வருகிறவர் காலியான இடத்தில் உட்காரலாம் என்று வைத்தார்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் நன்றாகவே ஓடுகிறது. உயரத்தை ஏற்றி இறக்கும் மேசைகள் அருமை, பட்டனை அழுத்தினால் காபி தளும்பாமல் மேலே வருகிறது. மேசைமேல் வெளிச்சமும் 500 லக்ஸ், எழுத்து வேலைக்கு ஐரோப்பியத் தரம் கேட்கிற அதே அளவு.

சத்தத்தில்தான் கோட்டை விட்டார்கள். தடுப்புகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, கண்ணாடியும் வெறும் கான்கிரீட் கூரையுமாக வைத்தால் குரல் எங்கே போய் அடங்கும்? ஒலி உறிஞ்சும் பலகை போடச் சொன்னால் ‘லுக் கெட்டுவிடும்’ என்றார் டிசைனர். தடுப்பு போனால் எல்லோரும் பேசிப் பழகுவார்கள் என்ற கதையையும் நம்ப வேண்டாம். ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல்தான் கூடியது. இங்கேயும் எல்லோர் காதிலும் ஹெட்போன்.

போன் பேசும் சின்ன அறை ஒன்று உண்டு, ஆனால் காற்றோட்டம் போதாமல் சீக்கிரமே வியர்த்துவிடும். பிளக் பாயிண்ட் சுவரோரம் மட்டும்தான் (நடு மேசைக்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ), வயர் தரையில் ஓடுகிறது. சரி, சொன்ன தேதிக்கு முடித்தார்கள், சுத்தமாகத் துடைத்தும் கொடுத்தார்கள். டிராயிங்கில் கையெழுத்துப் போடும் முன் கூரைக்கும் பிளக்குக்கும் என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.