முழு ஹயர் என்று காசு வாங்கிவிட்டு வழியில் சீமெந்து ஏற்றுகிறார்கள்: வெங்காயச் செய்கைக்காரர் கவனம்

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம் செய்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கிண்டி முடித்துத் தம்புள்ளைக்கு லொறி தேடுகிற நேரம் இது.

எங்கள் 42 பைக்கும் திருகோணமலை டவுன் புரோக்கர் ஒருவர் மூலம் கன்டர் லொறி ஒன்று பிடித்தோம். "அக்கா, முழு ஹயர். வேற சாமான் ஒண்டும் ஏத்தமாட்டம், விடியச் சந்தையில நிக்கும்" என்றார். கூலி 30,000 ரூபா. டீசல் அடிக்க வேணுமென்று ஏற்றும்போதே முழுக்காசையும் வாங்கிவிட்டார்கள். அதைக் கொடுத்தது எங்கள் பிழை.

பின்னேரம் 5 மணிக்கு வெளிக்கிட்டது. இரவு 10 மணிக்குப் போன் அடித்தால், "ஹபரணைக் காட்டில யானை நிக்குது, வாகனமெல்லாம் மறிபட்டு நிக்குது" என்றார் டிரைவர். அந்த றோட்டில் யானை நிற்பது புதினமில்லை, நம்பினோம். பிறகு போன் ஓஃப்.

அடுத்தநாள் பகல் 11 மணிக்குத்தான் லொறி சந்தைக்கு வந்தது. அங்கே காத்திருந்த தம்பி படங்கை அவிழ்த்ததும் எனக்கு வீடியோ கோல் எடுத்தான். சிவப்புத் தோலெல்லாம் சாம்பல் பூசினமாதிரி. வேர்த்த வெங்காயத்தில் சீமெந்துத் தூசு ஒட்டிப்போயிருந்தது. பைக்குள் கைவிட்டால் சோற்றுப்பானைச் சூடு என்றான். அடிப்பைகள் நசிந்து சாறு வடிந்தது. கச்சான் காற்றில் அம்மா ஒரு கிழமை பரப்பி, பிரட்டிப் பிரட்டிக் காயவைத்த வெங்காயம் அது.

கிளீனர் பொடியன்தான் உண்மையைச் சொன்னான். சீனக்குடாவில் 20 பை சீமெந்தை எங்கள் பைகளுக்கு மேலேயே ஏற்றியிருக்கிறார்கள். இறக்கவேண்டிய கந்தளாய்க் கடை பூட்டியிருந்ததால், விடிந்து கடை திறக்கும்வரை படங்கைக்கூடத் தளர்த்தாமல் அங்கேயே படுத்திருக்கிறார்கள். யானைக் கதை முழுப்பொய்.

17 பை பாதிவிலைக்குப் போனது. மிச்சத்தை ஒருவரும் தொடவில்லை. புரோக்கர் டிரைவரைக் கேட்கச் சொல்கிறார், டிரைவர் புரோக்கரைக் கேட்கச் சொல்கிறார். லொறிக்குரிய இன்சூரன்ஸ் லொறிக்குத்தான், ஏற்றின சாமானுக்கு இல்லையாம். பொலிசுக்குப் போகலாமென்றால் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட எங்களிடம் இல்லை.

"வேறு சாமான் ஏற்றுவதில்லை" என்று எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற வருமான அனுமதிப் பத்திரத்தைப் போட்டோ எடுங்கள். பாதிக்காசு இறக்கின பிறகுதான். ஏலுமென்றால் வீட்டு ஆள் ஒருவர் லொறியிலேயே போகட்டும்.

நேற்று நிலாவெளியில் இன்னொரு வீட்டு வாசலில் அதே லொறி நின்றது. நான் போய்ச் சொல்லும்போது பத்துப் பை ஏற்றியாகிவிட்டது. அந்த ஐயா ஒரு வார்த்தையும் பேசாமல் பத்தையும் திருப்பி இறக்குவித்தார்.