2018 டிவி, 2022 ஸ்டிக்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் எங்கள் வீட்டில் இருப்பது 2018-இல் வாங்கிய 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி. படம் இன்றைக்கும் பளிச்சென்றுதான் இருக்கிறது. தளர்ந்துபோனது உள்ளே இருக்கும் மென்பொருள். மூன்றாவது வருஷமே மெனு திறக்க ஐந்தாறு நொடி ஆனது. 1 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு. அதிலும் பாதிக்கு மேல் சிஸ்டமே பிடித்துக்கொண்டது. ஒரு ஆப்பை அப்டேட் செய்ய இன்னொன்றை அழிக்க வேண்டும். அப்புறம் ஒருநாள் ஒரு ஓடிடி ஆப், இந்த டிவியில் இனி ஓடாது என்று சொல்லிவிட்டது. சர்வீஸ் சென்டரில் புது டிவி வாங்கச் சொன்னார்கள். நல்ல பேனலைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2010, 2011 மாடல் சாம்சங் டிவிகள் சிலவற்றில் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றது. மறுபக்கம், 2015-இல் வந்த என்விடியா ஷீல்டு என்ற, டிவியோடு இணைத்து ஆப்கள் ஓட்டும் பெட்டிக்குப் பத்து வருஷம் கழித்தும் அப்டேட் வந்தது.

2022-இல் ஒரு ஸ்டிக் வாங்கினேன். ஓடிடி ஆப்களைத் தானே ஓட்டும் சின்னக் கருவி அது. டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகினேன். முதல் வாரம் அது அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனது. தவறு என்னுடையது. டிவியின் யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் கொடுத்திருந்தேன். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது அரை ஆம்பியர்தான், ஸ்டிக்குக்கு அது போதாது. கூடவே வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டியதும் சரியாகிவிட்டது. இன்றுவரை பிரச்சினை இல்லை.

அம்மாவுக்கு இரண்டு ரிமோட் குழப்பம் வருமோ என்று பயந்தேன். டிவி செட்டிங்கில் எச்டிஎம்ஐ சிஇசியை ஆன் செய்தேன். எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி இன்னொன்றை இயக்க விடும் வசதி அது. ஸ்டிக் ரிமோட்டைத் தட்டினால் டிவியும் சேர்ந்து எழுகிறது. தமிழ் சீரியல் முடிந்ததும் மலையாளச் செய்திக்கு அவரே ரிமோட் மைக்கில் சொல்லி மாறிவிடுகிறார்.

பென் டிரைவில் படம் பார்ப்பவர்கள் ஸ்டிக் வாங்க வேண்டாம், யுஎஸ்பி போர்ட் உள்ள பெட்டியாக வாங்குங்கள். டிடிஎஸ் என்ற ஒலி வடிவம் உள்ள ஃபைல்கள் பல டிவிகளில் சத்தமில்லாமல் ஓடும். பெட்டியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் ஆப் போட்டால் சத்தமும் வரும்.

நம் மாவட்டத்தில் ஐப்பசி இடியைக் கவனிக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டில் ரவுட்டரில் இறங்கிய மின்னல் லேன் கேபிள் வழியாக டிவியையும் கெடுத்தது. அதனால் நாங்கள் வைஃபை மட்டும்தான். பேச்சிப்பாறைப் பக்கம் இடி முழங்கினால் டிவி, ஸ்டிக் இரண்டின் பிளக்கையும் அம்மா கழற்றிவிடுகிறார்.