ஒழுகும் பழைய கேரவன்: சிலிக்கோனா, ரப்பர் பெயின்டா, பியூட்டைல் டேப்பா?

டர்பன், சாட்ஸ்வர்த், டோங்காட் பக்கம் கைமாறி வரும் பழைய ஸ்பிரைட், ஜிப்சி கேரவனை (காரில் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி) பார்க்கப் போனால், முன் ஜன்னலுக்குக் கீழே உள்ள மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஊறிய அப்பளம் மாதிரி உள்வாங்கினால், பல வருஷமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டமும் தெர்மக்கோலும், உட்புறம் மெல்லிய பிளைவுட். தகடு பளபளவென்று இருக்கும்போதே சட்டம் மக்கிப் போயிருக்கும்.

கறை தெரியும் இடத்திலேயே தண்ணீர் நுழைவது அபூர்வம். கூரையும் பக்கச் சுவரும் சேரும் ஓரத்தில் டென்ட் கோக்கும் அலுமினிய ரெயில் ஓடுகிறது. அதன் அடியில் கம்பெனியில் வைத்த, இடுக்கை அடைக்கும் மாஸ்டிக் பசை நாளடைவில் காய்ந்து, பழைய புட்டி போலப் பொடிந்துவிடும். ஸ்க்ரூ துளை வழியாக இறங்கும் நீர் மரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, கீழ் மூலையில் போய்த் தேங்கும். இதைக் கண்டுபிடிக்க ஹோஸ் பைப் போதும். கீழிருந்து மேலாக, ஒரு பகுதிக்கு 10 நிமிஷம் தண்ணீர் விட வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா மூட்டும் சேர்ந்து நனையும், எது ஒழுகுகிறது என்று பிடிபடாது.

அடைக்க மூன்று வழி சொல்வார்கள். மலிவு என்று எல்லோரும் முதலில் கை வைப்பது சிலிக்கோன் டியூபில். ரெயில் ஓரமாக ஒரு கோடு இழுத்தால் அரை மணியில் வேலை முடிந்தது போலத் தெரியும். வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அது அலுமினியத்தை அரிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கோன் பட்ட இடத்தில் அடுத்து எதுவும் ஒட்டாது. பெயின்ட் ஒட்டாது, டேப் ஒட்டாது, புதுச் சிலிக்கோன்கூட ஒட்டாது. சுரண்டி எடுக்கவே ஒரு முழு வாரயிறுதி போய்விடும். கேரவனுக்கு வெளியே இதைத் தொடவே வேண்டாம். சமையல் சிங்க் ஓரத்தோடு அதன் வேலை முடிந்தது.

இரண்டாவது, ரப்பர் பெயின்டும் மெம்பரேன் துணியும். வீட்டுக் கூரைக்கும் பாரபெட் சுவருக்கும் இங்கே எல்லோருக்கும் பழக்கமான வேலை என்பதால் கேரவனுக்கும் அதையே பூசிவிடுகிறார்கள். வீட்டுக் கூரை மணிக்கு 100 கிலோமீட்டரில் வேன் ரீனன் மலைப்பாதையில் ஆடிக்கொண்டு போவதில்லை. ரெயில் அசைய அசைய அந்த விளிம்பில்தான் பூச்சு முதலில் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் பூச்சுக்கு அடியில் பரவி, வெளியேற வழியில்லாமல் மரத்திலேயே நிற்கும். அலுமினியத்தில் பெயின்ட் பிடிக்க உதவும் எட்ச் பிரைமர் போடாமல் பூசியிருந்தால் தோல் உரிவது போல உரிந்து வரும். ஆலங்கட்டி மழையில் அடிபட்டு, நடுத்தகட்டில் ஊசித்துளைகள் விழுந்த கூரைக்கு இது நியாயமான மருந்துதான், ரெயிலை முதலில் சரிசெய்துவிட்டால்.

மூன்றாவது, ரெயிலைக் கழற்றிப் பியூட்டைல் டேப் (மெத்தென்று ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து மறுபடி பூட்டுவது. இதுதான் நிலைக்கும் வேலை. பொருள் செலவு அதிகமில்லை. போவது நேரமும் பொறுமையும். 4.5 மீட்டர் உடல் நீளமுள்ள வண்டியில் ஒரு பக்க ரெயில், முன்னும் பின்னும் வளைந்து இறங்குவதோடு சேர்த்து, ஏறக்குறைய 8.5 மீட்டர் வரும். இரண்டு பக்கத்துக்கு 17 மீட்டர். ஐந்து ஜன்னலையும் சேர்த்தால் 25 மி.மீ. அகல டேப் 10 மீட்டர் சுருள் குறைந்தது நான்கு வேண்டும். ஸ்க்ரூ 10 செ.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் 170. உடைவதற்கும் தொலைவதற்கும் சேர்த்து 200 வாங்குங்கள், ஸ்டெயின்லெஸ்தான். கடற்கரைப் பக்கம் நாகம் பூசிய ஸ்க்ரூ சீக்கிரமே துருப்பிடித்து அழும். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புக்காற்றில் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும் என்பதால், ஒவ்வொரு ஸ்க்ரூவின் கழுத்திலும் மாஸ்டிக் தடவியே ஏற்ற வேண்டும்.

முதலில் ரெயிலின் பள்ளத்தில் உள்ள பிவிசி பட்டையை உருவுங்கள். ஸ்க்ரூக்களைக் கை ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். டிரில் வைத்தால் துருப்பிடித்த தலை முறிந்துவிடும். முறிந்ததை 3 மி.மீ. பிட்டால் துளைத்து எடுக்கலாம். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் தகட்டுக்குப் பிடிமானம் போய்விடும், திரும்ப வரிசைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. பழைய மாஸ்டிக்கை ஹேர் டிரையரால் இளக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, டர்ப்பன்டைனாலும் கடைசியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டாலும் துடைக்க வேண்டும். டர்ப்பன்டைன் எண்ணெய்ப்பசை மிஞ்சினால் டேப் பிடிக்காது. ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால் 8 கேஜுக்குப் பதில் அதைவிடத் தடிமனான 10 கேஜ் ஸ்க்ரூ போடுங்கள். ரெயிலுக்கு அடியில் டேப்பை ஒட்டி, பழைய இடத்தில் வைத்து, நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் முடுக்கிக்கொண்டே போங்கள். பியூட்டைல் மெல்ல மெல்லப் பிதுங்கும்; இரண்டு நாள் விட்டு மறுபடி ஒரு சுற்று முடுக்கி, வெளியே வழிந்ததை வெட்டுங்கள். அன்றே வெட்டினால் இரண்டு முறை வெட்ட வேண்டியிருக்கும்.

பாலியூரித்தேன் சீலன்ட் இதைவிட மேல் என்று சிலர் சொல்வார்கள். கூரை வென்டுக்கும் தகட்டு மூட்டுக்கும் நல்லது. ரெயிலுக்கு அடியில் வைத்தால் அடுத்த முறை கழற்றும்போது தகட்டையே கிழித்துக்கொண்டு வரும். அக்ரிலிக் ஜன்னலில் பட்டால் மெல்லிய விரிசல் விழும்.

இந்த வேலைக்கு நல்ல காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கோயில்களில் ஆடிக் கூழ் வார்க்கும் அந்த நாட்களில் டர்பனில் மழை குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. திறந்த மரம் காய்வதற்கு இரண்டு, மூன்று வாரம் விடலாம். ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் மரத்தின்மேல் எதையும் மூடக்கூடாது.

மக்கிய மரத்துக்கு எபாக்ஸி ஊற்றுவதா, வெட்டி மாற்றுவதா? ஸ்க்ரூ துளை, ஜன்னல் மூலை என்று சின்ன இடமானால் நீர்த்த எபாக்ஸி போதும், மரம் முழுக்கக் காய்ந்திருந்தால். சுமை தாங்கும் அடிச்சட்டத்துக்கு அது ஒத்துவராது. மேலே கெட்டியாகி உள்ளே தொடர்ந்து மக்கும். அங்கே நல்ல மரம் தட்டுப்படும் வரை வெட்டி, அதற்கும் மேல் 15 செ.மீ. தாண்டி, மெராண்டி மரச்சட்டத்தை ஒட்டுச் சேர்த்துப் பாலியூரித்தேன் மரப்பசையால் இணைக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், பச்சை நிறம் ஏறிய பைன் மரத்தை வாங்கிவிடாதீர்கள். செல்லரிக்காமல் இருக்க அதில் ஏற்றியிருக்கும் செம்பு உப்பு, அலுமினியத் தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடும். மக்கிய தரைமேல் இன்னொரு பிளைவுட் அடிப்பதும் வேண்டாம்: அடியில் மக்கல் தொடரும், வண்டியின் அனுமதித்த எடையும் வீணாகும்.

கேஸ் இணைப்பில் கை வைக்காமல் பதிவுபெற்ற கேஸ்காரரிடம் விட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். டயரில் பட்டன் தேய்மானத்தைவிட வயதைப் பாருங்கள்: ஓரத்தில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம். ஏழு வருஷம் தாண்டியது எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்ற வேண்டியதே.

வீல் பேரிங்கில் கிரீஸ் மாற்றுவதா, பேரிங்கையே மாற்றுவதா என்ற கேள்விக்கு உருளைகளே பதில் சொல்லும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின் உருளையிலோ வளையத்திலோ நீலம் பாய்ந்திருந்தாலும் புள்ளி விழுந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்; எண் வளையத்திலேயே பொறித்திருக்கும். சுத்தமாக இருந்தால் புது கிரீஸ், புது ஆயில் சீல் போதும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை முடுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள். முதல் பயணத்தில் 30 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, புறங்கையை இரண்டு ஹப்புக்கும் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் நட்டு இறுகிவிட்டது அல்லது பிரேக் உரசுகிறது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் எது என்று அங்கேயே தெரிந்துவிடும்.