கடலோர ஓட்டத்துக்கு வழி சொல்லும் செயலி: பத்து நாள் ஓடிப் பார்த்தேன்

மூன்றாம் நாள் காலை, இரண்டு ஷூவையும் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றுவாயில் நின்றேன். போகும்போது கணுக்கால் மட்டும் நனைந்த இடம். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் முழங்காலுக்கு மேல் தண்ணீர். சும்மா தேங்கி நிற்கிற தண்ணீரும் இல்லை, கடலிலிருந்து உள்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிற தண்ணீர். மணிக்கட்டில் இருந்த கடிகாரம் நிதானமாகக் காட்டியது: ‘நேராகச் செல்லவும், 3.8 கிலோமீட்டர்.’

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். “எங்கம்மா ஓடுற? வத்தத்துக்கு இன்னும் ரொம்ப நேரம் கெடக்கு. பாலத்தைச் சுத்திப் போ.”

வத்தம், அதாவது வற்றம், என்றால் கடல் இறங்கி நிற்கிற நேரம். பாலம் நான்கு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. போக நான்கு, வர நான்கு. சுற்றித்தான் போனேன்.

செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஓடுகிறவர்கள் கைபேசியில் பெரும்பாலும் இருக்கிற வகைதான். சந்தா கட்டினால் ‘அழகான பாதை’ என்று ஒரு வசதி திறக்கும். எத்தனை கிலோமீட்டர் வேண்டும், சாலையா மண்பாதையா என்று சொன்னால், மற்றவர்கள் அதிகம் ஓடிய தடங்களைப் பார்த்து ஒரு கோடு போட்டுத் தரும். அதைக் கடிகாரத்துக்கு அனுப்பிவிட்டு ஓட வேண்டியதுதான். நகரத்தில் இரண்டு வருடமாக இதை நம்பித்தான் ஓடுகிறேன், பெரிய குறை இல்லை. எனக்கு வயது 46, இடது முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், வேகம் சுமார். கடற்கரைக் கிராமம் ஒன்றில் பத்து நாள் தங்கக் கிடைத்தபோது, இங்கேயும் அது வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உப்பளக் கரை. அந்தப் பாதையை நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். ஊருக்குப் பின்னால், பாத்திகளுக்கு நடுவே போகிற மண்கரை, போய்வர ஆறு கிலோமீட்டர். களிமண் இறுகிக் கிடப்பதால் கால் புதையாது, தார்ச்சாலை மாதிரி முழங்காலை உதைக்கவும் செய்யாது. ஓரங்களில் உப்பு பூத்திருந்த இடத்தில் மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். உப்பு ஏற ஏற ஒவ்வொரு பாத்தியும் ஒரு நிறம்: ஒன்று சாம்பல், அடுத்தது பச்சை, கடைசியில் வெளிறிய ரோஜா நிறம். அந்த ரோஜா நிறம் வானத்தின் நிழல் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். இல்லை. கடும் உப்பிலும் உயிர் வாழ்கிற நுண்ணுயிர்களும் ஒருவகைப் பாசியும் தரும் நிறமாம் அது. வெயில் ஏறிய பிறகும் அப்படியேதான் இருந்தது. பத்து நாளில் நான்கு நாள் அங்கேதான் ஓடினேன். பாதி வழியில் சிக்னல் போய்விடும், ஆனால் முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம் ஒருமுறைகூடக் கைவிடவில்லை. இந்த ஒரு பாதைக்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கிறேன்.

மற்ற பரிந்துரைகள் அப்படி இல்லை. ஒன்று என்னை லாரி ஓடுகிற சாலையில் கொண்டுபோய் விட்டது. காரணம் யோசித்தால் புரிகிறது. ஆயிரம் பேர் ஓடுகிற நகரத்தில் ‘அதிகம் பேர் ஓடிய தடம்’ என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. இங்கே மொத்தம் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்? விடுமுறைக்கு வந்தவர் யாரோ இரண்டு நாள் சாலையோரமாக ஓடியிருந்தால் போதும், அது ஊரின் பிரபலமான பாதை ஆகிவிடுகிறது. இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆள் குறைந்த இடத்தில் தெரிகிற ஒற்றைக் கோடு, கிட்டத்தட்ட ஒரு ஆளின் விலாசம். அதிகாலையில் தனியாக ஓடுகிற பெண்கள் முதல் நாளே தனியுரிமை அமைப்புக்குள் போய், தங்கியிருக்கும் இடத்தைச் சுற்றி மறைத்துவிடுவது நல்லது. அந்த வசதி இருக்கிறது, ஆனால் மூன்று திரைக்குள் ஒளிந்திருக்கிறது.

இனி கடல். செயலிக்குத் தூரம் தெரியும், ஏற்ற இறக்கம் தெரியும், பாதை மண்ணா தாரா என்று தெரியும். கடல் ஏறி இறங்கும் என்பது மட்டும் தெரியாது. அதன் வரைபடத்தின் ஓரத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பெயர் இருந்தது, அதாவது யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடம். அதில் கடற்கரைக் கோடு என்று வரைவது, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில் தண்ணீர் சராசரியாக எட்டுகிற எல்லையை. நாம் ஓட ஆசைப்படுகிற ஈரமணல் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. வரைபடத்தின் கணக்கில் நான் பாதி நேரம் கடலுக்குள் ஓடியிருக்கிறேன்.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று ஆறு மணிக்கு நன்றாக இருந்த மணல், நாளை அதே நிலைக்கு வர ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாகும். ‘தினமும் காலை ஆறு மணிக்கு’ என்று ஒரு பாதையைச் சேமித்து வைத்தால் ஒரே வாரத்தில் அது பொய்யாகிவிடும். தண்ணீர் ஒரே சீராக ஏறுவதும் இல்லை. கடலோடிகளின் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: வற்றத்துக்குப் பிறகு முதல் மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு. நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான். தண்ணீர் சோம்பலாக இருந்த நேரத்தில் கடந்து போய், அது வேகம் பிடித்த நேரத்தில் திரும்பி வந்திருக்கிறேன். அன்று அமாவாசைக்கு மறுநாள் வேறு. பெரியவருக்கு இதற்கெல்லாம் செயலி வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு, கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்கிற ஓத அட்டவணையைத் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் ஷூ மாட்டினேன். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பினால், கடல் அப்போதுதான் விட்டுப்போன மணல் இறுக்கமாக இருக்கும், திரும்பி வரும்வரை பயமும் இல்லை. ஆற்றுவாய் குறுக்கிடுகிற பாதை என்றால் இந்தக் கணக்கையும் நம்பவில்லை. உள்ளே நீரோட்டம் திரும்புகிற நேரமும் கடலின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. வழியில் யாரையாவது கேட்டுவிடுவேன்.

நேரக் கணிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து கிலோமீட்டர் மணல் பாதைக்கு 62 நிமிடம் என்றது. எனக்கு ஆனது 84. பொதபொதவென்ற மணலில் ஓடுவதற்குக் கெட்டித்தரையைப் போல 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று 1998-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொல்லியிருக்கிறது. செயலியோ மணலையும் மண்பாதையையும் ஒரே ‘தார் இல்லாத பாதை’ வகையில் போட்டுவிடுகிறது. தண்ணீர் எடுத்துப் போகிறவர்கள் அது சொல்கிற நேரத்தை நம்பி அளவு போடாதீர்கள்.

உயரக் கணக்கு தமாஷ். தட்டையான கரையில் 118 மீட்டர் ஏறியதாகப் பாராட்டியது. கடிகாரம் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணக்கிடுகிறது; அதற்கான துளைக்குள் கடற்காற்று அடித்தால் இப்படித்தான் ஆகும். விரலில் உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் தொடுதிரையும் தன் இஷ்டத்துக்குப் போகும். பொத்தான் உள்ள கடிகாரமே மேல்.

முழங்கால் விஷயத்தில் செயலியோடு எனக்குச் சண்டையே உண்டு. போன வழியில் திரும்புவது அதற்குப் பிடிக்காது, எப்போதும் வட்டமாகத்தான் பாதை போடும். மணலில் போய், சாலை வழியாகத் திரும்பு என்கும். கடற்கரை கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கத்துக் கால் முழு நேரமும் பள்ளத்தில். எனக்கு அது இடது கால். இரண்டாம் நாள் சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. போன வழியிலேயே திரும்பினால் இரண்டு காலும் பங்கு போட்டுக்கொள்ளும். அமைப்பில் ‘போய்த் திரும்பு’ என்று ஒன்று இருக்கிறது, அதை மாற்றிவிட்டு ஓடுங்கள்.

ஆற்றுவாயைப் பற்றி வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: வரைபடம் எங்களுடையது அல்ல. சரி என்று நானே பொது வரைபடத்துக்குள் போனேன். ஓதத்தில் மூழ்கும் பாதை என்று குறிக்க அதில் ஒரு அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தில் அதைப் போட்டுச் சேமிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போட வேண்டியதைப் போட இடம் இருக்கிறது, எடுத்துக் காட்டத்தான் செயலிக்கு மனம் வரவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். உள்நாட்டுப் பாதைகளுக்கும் சிக்னல் இல்லாத இடத்து வரைபடத்துக்கும் தாராளமாகச் சந்தா கட்டலாம். கடலோரத்துக்காக மட்டும் கட்டுகிறீர்கள் என்றால் வேண்டாம், இலவசப் பகுதியும் ஓத அட்டவணையும் போதும். நேற்று மறுபடி திறந்து பார்த்தேன். ஆற்றுவாயின் குறுக்கே அதே கோடு, ‘அழகான பாதை’ என்ற அதே பச்சைப் பட்டையோடு.